தியானம் தரும் ஓய்வு – அளந்து பார்த்தவர்களின் கதை

ஓய்வு பெற்ற மறு வருஷம், 2011-ல், எனக்கு ரத்த அழுத்தம் 160/100 இருப்பதாகத் தெரிய வந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இதோட தினம் காலையும் சாயங்காலமும் இருபது நிமிஷம் தியானம் பண்ணுங்கோ ஸார். உங்க உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்" என்றார்.

நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷத்திற்கு மேல் ஃபைல்களில் "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று குறிப்பு எழுதியே பழகியவன். "ஓய்வு பெற்றுத்தான் ஆகிவிட்டதே! தியானத்தில் தனியாக என்ன ஓய்வு? அதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நிறையப் பேர் அளந்திருக்கா. படிச்சுப் பாருங்கோ" என்றார்.

அன்றிலிருந்து நேரம் கிடைத்தபோதெல்லாம் படித்து வந்திருக்கிறேன். நம் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போகும்போது இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகளைப் பார்க்கிறேன். "ரிஷிகள் இதயத்தையே நிறுத்தி வைத்தார்கள், தியானத்தால் தீராத வியாதியே இல்லை" என்பது ஒரு கட்சி. "எல்லாம் வெறும் நம்பிக்கை, கண்ணை மூடித் தூங்குவதற்கு ஒரு பெயர்" என்பது மற்றொன்று. இரண்டுமே சரியில்லை என்பதைத்தான் அளந்து பார்த்தவர்களின் வரலாறு சொல்கிறது. பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு, முக்கியமாக என்னைப் போல மாத்திரை டப்பாவோடு வாழ்கிறவர்களுக்கு, இது உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

ஸ்ட்ரெஸ் என்ற சொல் வந்த வழி

இன்று பள்ளிக்கூடத்துக் குழந்தைகூட "எனக்கு ஸ்ட்ரெஸ்" என்கிறது. நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் அது கம்பிக்கும் உத்தரத்துக்கும் உரிய சொல். ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு விசை விழுகிறது என்பது ஸ்ட்ரெஸ். அதனால் கம்பி எவ்வளவு நீள்கிறது என்பது ஸ்ட்ரெயின்.

மனித உடம்பு விஷயத்தில் இதற்கு அஸ்திவாரம் போட்டவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் வால்டர் கேனன். பயமோ கோபமோ வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிடுகிறது என்பதை அவர் 1915-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஜீரணம் நின்று போகிறது. புலி எதிரே வந்தால் இது உயிரைக் காக்கும் ஏற்பாடு. ஆனால் மேலதிகாரியின் மெமோ வந்தாலும், பிள்ளையிடமிருந்து ஃபோன் வராவிட்டாலும் உடம்பு அதையேதான் செய்கிறது. சண்டையும் இல்லை, ஓட்டமும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரத்த அழுத்தம் மட்டும் ஏறுகிறது.

அடுத்து வந்தவர் வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் வேலை பார்த்த ஹான்ஸ் ஸெலி. எலிகளுக்குக் குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு, விஷ மருந்து என்று எந்தத் தொல்லையைக் கொடுத்தாலும் உடம்புக்குள் ஒரே மாதிரி மாறுதல்கள் ஏற்படுவதை அவர் கண்டார். அட்ரினல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. 1936-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு பக்கம்கூட நிறையாத கடிதமாக இதை வெளியிட்டார். பின்னால் அவர் இதற்கு வைத்த பெயர்தான் ஸ்ட்ரெஸ். ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் ஸ்ட்ரெயின் என்று வைத்திருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பௌதிகம் படித்தவர்களுக்கு இதில் ஓர் அற்பத் திருப்தி!

ஆக, உடம்பு எப்படிப் பதற்றப்படுகிறது என்பது தெரிந்துவிட்டது. அதற்கு நேர் எதிரான நிலை ஒன்று உண்டா, அதை நாமே வரவழைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கான தேடல் அமெரிக்காவில் தொடங்கவில்லை. நம் தேசத்தில்தான் தொடங்கியது.

லோணாவ்லாவில் ஆராய்ச்சிக்கூடம்

பம்பாய்க்கும் புனேவுக்கும் நடுவில் இருக்கிற மலை ஊர் லோணாவ்லா. ஸ்வாமி குவலயானந்தர் 1924-ல் அங்கே கைவல்யதாமம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார். பூர்வாசிரமத்தில் அவர் பெயர் ஜகந்நாத் கணேஷ் குணே. யோகத்தை எக்ஸ்ரேயும் அழுத்தமானியும் வைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். அதே வருஷம் 'யோக மீமாம்ஸா' என்ற பத்திரிகையையும் ஆரம்பித்தார். யோகத்தைப் பற்றிய பரிசோதனை முடிவுகளை அச்சிட்ட முதல் பத்திரிகைகளில் அது ஒன்று. மேல்நாட்டார் சொன்ன பிறகுதான் நாம் விழித்துக்கொண்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

1935-ல் தெரேஸ் ப்ரோஸ் என்ற ஃபிரெஞ்சு இதய மருத்துவர், தூக்கிச் செல்லக்கூடிய ஈ.ஸி.ஜி. கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். தங்கள் இதயத்தையே கட்டுப்படுத்த முடியும் என்று சொன்ன யோகிகளைப் பரிசோதித்தார். ஒருவர் விஷயத்தில் ஈ.ஸி.ஜி. அலைகள் சில விநாடிகளுக்கு அநேகமாக மறைந்தே போய்விட்டதாகப் பதிவாயிற்று. யோகி இதயத்தை நிறுத்தினார் என்ற செய்தி உலகம் முழுவதும் பரவிற்று. நம் கூட்டங்களில் இன்றும் நடமாடுகிற கதையின் மூலம் இதுதான்.

நிற்காத இதயம்

இருபத்திரண்டு வருஷம் கழித்து இந்தக் கதையைச் சரிபார்க்க இருவர் வந்தார்கள். ஒருவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மனோதத்துவப் பேராசிரியர் வெங்கர். மற்றவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூளை மின்னலை நிபுணராக இருந்த பஸு குமார் பாக்சி. பாக்சி வங்காளி. இளமையில் காவி உடுத்து, பரமஹம்ஸ யோகானந்தரின் நண்பராகவும் சகாவாகவும் அமெரிக்கா சென்று, பிறகு அந்த வாழ்க்கையிலிருந்து விலகி விஞ்ஞானியானவர். ஆகவே யோகத்தின் மீது வெறுப்பு உள்ளவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

1957-ல் இருவரும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு சென்னை, லோணாவ்லா, டெல்லி உட்பட நம் நாட்டில் பல இடங்களுக்குப் போனார்கள். டெல்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் உடலியல் பேராசிரியர் பி.கே. ஆனந்த் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். மூவரும் கண்டதை 1961-ல் அமெரிக்க இதய மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார்கள்.

மூச்சை அடக்கி, மார்பையும் வயிற்றையும் பலமாக இறுக்கினால் இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி கிடைக்காது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் கேட்காது. பக்கத்தில் இருப்பவர்கள் இதயம் நின்றுவிட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் ஈ.ஸி.ஜி.யில் இதயம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. சிலரால் துடிப்பின் வேகத்தைக் குறைக்க முடிந்தது. யாராலும் நிறுத்த முடியவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் வெங்கரும் பாக்சியும் இன்னொரு காரியமும் செய்திருந்தார்கள். வித்தை காட்டாமல், சும்மா உட்கார்ந்து தியானம் செய்தவர்களையும் கருவியில் இணைத்துப் பார்த்தார்கள். மூச்சு மெதுவாயிற்று. தோலின் மின்தடை ஏறிற்று. பதற்றம் தணிகிறபோது காண்கிற அடையாளம் அது. மூளை அலைகளோ தூக்கத்தின் அலைகளாக இல்லை, விழித்திருப்பவரின் அலைகளாகவே இருந்தன. தூங்காமலும் சோர்ந்து போகாமலும் நரம்பு மண்டலம் ஆழ்ந்த ஓய்வில் இருக்கிறது என்பதே அவர்களுடைய முடிவு. அதிசயத்தைத் தேடிப் போனவர்கள் கண்டெடுத்தது ஓய்வை. இந்த வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்.

டெல்லியில் மூளை அலைகள்

மேலே சொன்ன டாக்டர் ஆனந்த் சாதாரணமானவர் அல்ல. பசி எடுப்பதற்கான மையம் மூளையில் எங்கே இருக்கிறது என்பதை 1951-ல் அமெரிக்காவில் ப்ரோபெக்குடன் சேர்ந்து கண்டுபிடித்தவர். அவரும் சீனா என்ற சக ஆராய்ச்சியாளரும் நரம்பியல் நிபுணர் பல்தேவ் சிங்கும் 1961-ல் நான்கு யோகிகளின் மூளை அலைகளைப் பற்றி எழுதினார்கள்.

கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது மூளையில் விநாடிக்கு 8 முதல் 13 வரை ஓடுகிற அலைக்கு ஆல்ஃபா என்று பெயர். ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் இதைப் பிரசுரித்தார். யாராவது கையைத் தட்டினால்கூட ஆல்ஃபா கலைந்துவிடும். ஆனால் இந்த யோகிகள் தியானத்தில் ஆழ்ந்திருந்தபோது பலத்த வெளிச்சம், சத்தம், சூடான கண்ணாடிக் குழாயின் தொடுகை எதற்கும் அலை கலையவில்லை. வேறு இருவர் 4 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் கையை வைத்திருந்தார்கள். அப்போதும் ஆல்ஃபா தொடர்ந்தது.

ஐந்து வருஷம் கழித்து ஜப்பானில் கஸமத்ஸு, ஹிராய் என்ற இருவர் ஜென் துறவிகளைப் பரிசோதித்தார்கள். அவர்களிடம் கிடைத்தது வேறு மாதிரி. ஒவ்வொரு சத்தத்துக்கும் அலை ஒரு கணம் கலைந்து, உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. இத்தனை தடவை கேட்டுப் பழகியும் அலட்சியம் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம்முடைய 'த்யானம்' பாலி மொழியில் 'ஜான', சீனத்தில் 'சான்', ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. நம் வீட்டுச் சொல்தான் ஊர் சுற்றிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு ஆய்விலும் பரிசோதிக்கப்பட்டவர்கள் சிலரே. பிற்பாடு செய்த சில ஆய்வுகளில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பம்பாயும் லண்டனும்

இதுவரை பார்த்தது யோகிகள். என்னைப் போன்ற ரத்த அழுத்தக்காரனுக்கு என்ன பயன்?

இதற்கு முதலில் விடை தேடியவர்களில் முக்கியமானவர் பம்பாயின் இதய நிபுணர் கே.கே. தாதே. லோணாவ்லாவின் வினேகரும் அவருடன் சேர்ந்திருந்தார். 47 நோயாளிகளுக்கு சவாசனம் கற்றுக் கொடுத்து, முடிவை 1969-ல் வெளியிட்டார்கள். மருந்தே சாப்பிடாதவர்கள் 10 பேர். அவர்களுடைய சராசரி அழுத்தம் 134-லிருந்து 107-க்கு இறங்கிற்று. இது மேல் எண்ணும் கீழ் எண்ணும் சேர்ந்த சராசரி. மருந்து சாப்பிட்டு வந்தவர்களில் பலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது.

லண்டனை அடுத்த க்ராய்டனில் டாக்டராக இருந்த இந்தியப் பெண்மணி சந்திரா படேல் இதைத் தொடர்ந்தார். மூச்சைக் கவனிப்பது, உடம்பைத் தளர்த்துவது, தியானம், இவற்றோடு பயோஃபீட்பேக் கருவி. 1973-ல் 20 நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். 5 பேருக்கு மருந்தே தேவைப்படவில்லை. 1975-ல் 34 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார். பயிற்சி பெற்ற குழுவுக்கு 168/100 இருந்தது 141/84 ஆயிற்று. வெறுமனே ஓய்வாக உட்கார வைத்த குழுவுக்கு 169/101 என்பது 160/96 ஆயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வைத்துக்கொண்டாரே, அதுதான் விஞ்ஞானம்.

ஹார்வர்டின் பக்கத்துக் கதவு

மகேஷ் யோகி 1957-ன் இறுதியில் சென்னையில் நடந்த விழாவை ஒட்டித்தான் தமது உலக இயக்கத்தைத் தொடங்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1968-ல் பீட்டில்ஸ் ரிஷிகேசம் வந்த பிறகு ஆழ்நிலை தியானம் மேல்நாட்டில் பிரபலமாயிற்று. அதே வருஷம் அந்த இயக்கத்தைச் சேர்ந்த சில இளைஞர்கள் ஹார்வர்டில் இருந்த இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்ஸனிடம் போய், "எங்களுக்கு ரத்த அழுத்தம் குறைகிறது, சோதித்துப் பாருங்கள்" என்றார்கள். அவர் குரங்குகளின் ரத்த அழுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேர் கெட்டுவிடும் என்று தயங்கி முதலில் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் விடவில்லை.

இதற்கிடையில் கலிஃபோர்னியாவில் ராபர்ட் கீத் வாலஸ் இதே விஷயத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்து, 1970-ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார். பிறகு இருவரும் சேர்ந்தார்கள். 36 பேரை வைத்துச் செய்த பரிசோதனை 1971-ல் வந்தது. தியானம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே உடம்பு செலவழிக்கும் பிராணவாயு சுமார் 17 சதவிகிதம் குறைந்தது. தூக்கத்தில் இப்படிக் குறைவதற்குப் பல மணி நேரம் ஆகிறது. குறைகிற அளவும் இதைவிடக் கம்மி. கேனன் சொன்ன பதற்ற நிலைக்கு நேர் எதிரான நிலை இதுதான் என்று பென்ஸன் தீர்மானித்தார். கேனனின் அதே ஹார்வர்டில் அரை நூற்றாண்டு கழித்து இது நடந்தது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

1975-ல் பென்ஸன் எழுதிய நூல் லட்சக்கணக்கில் விற்றது. அவர் சொன்ன முறை மிகவும் எளிமையானது. அமைதியான இடம். சௌகரியமான ஆசனம். ஒவ்வொரு மூச்சோடும் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு சொல். வேறு எண்ணம் வந்தால் அதோடு சண்டை போடாமல் மறுபடி சொல்லுக்கே வருவது. பத்து அல்லது இருபது நிமிஷம், தினம் இரண்டு வேளை. பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு அவர் கொடுத்த சொல், ஆங்கிலத்தில் 'ஒன்று' என்று பொருள்படும் 'ஒன்'. மந்திரத்துக்குக் கட்டணம் கிடையாது!

எதிர்த்தரப்பு வாதம்

ஃபைலில் ஒரு பக்கம் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக்கூடாது. 1976-ல் அதே 'ஸயன்ஸ்' பத்திரிகையில், நன்கு பழகிய ஐந்து ஆழ்நிலை தியானிகளின் மூளை அலைகளை ஆராய்ந்த கட்டுரை வந்தது. தியான நேரத்தில் கணிசமான பகுதி அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அலைகள் காட்டிக்கொடுத்தன. தலை ஆடுவதைப் பக்கத்தில் இருக்கிற மாமி பார்த்துவிடுவாளோ என்று பயப்படுகிற என்னைப் போன்றவர்களுக்கு ஆறுதல்.

1984-ல் டேவிட் ஹோம்ஸ் என்ற மனோதத்துவ நிபுணர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, தியானம் செய்தவரையும் சும்மா கண்ணை மூடி இளைப்பாறியவரையும் ஒப்பிட்டால் உடம்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதினார். பெரிய சர்ச்சை எழுந்தது. 1990-ல் ஹாலந்து தேசத்தில் 35 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து, இருபத்துநான்கு மணி நேரமும் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். நாள் முழுவதற்குமான கணக்கில் பயிற்சி பெறாதவர்களைவிட அவர்களுக்கு அழுத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை.

நான் செய்த தவறு

இந்தக் கடைசி ஆய்வை நான் முன்பே படித்திருந்தால் ஒரு பெரிய தவறைத் தவிர்த்திருப்பேன்.

தியானம் ஆரம்பித்து ஆறு மாதத்தில் எனக்கு 130/84 வந்துவிட்டது. மாத்திரையால் வந்ததா தியானத்தால் வந்ததா என்று யோசிக்க வேண்டியவன், சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. ஒரு தியான முகாமுக்குப் போயிருந்தேன். "இவ்வளவு நன்றாக உட்காருகிறவருக்கு மாத்திரை எதற்கு?" என்று ஒருவர் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தியது நான்தான்.

நான்கு மாதம் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் காலை காய்கறிக் கடையில் தலை சுற்றி, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 180/110. டாக்டர் திட்டியதை இங்கே எழுத முடியாது. "பக்கவாதம் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேள்?" என்று ஆத்தில் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் நோட்டுப் புத்தகம் போட்டேன். மாத்திரையையும் தொடர்ந்தேன், தியானத்தையும் தொடர்ந்தேன். உட்காருவதற்கு முன்னும் பின்னும் வீட்டுக் கருவியில் அளந்து எழுதினேன். தியானம் முடிந்த கையோடு மேல் எண் எட்டு, பத்து குறைந்திருக்கும். மத்தியானத்துக்குள் பழையபடி ஆகிவிடும். ஹாலந்துக்காரர்கள் சொன்னதுதான். ஒருவனுடைய நோட்டுப் புத்தகம் விஞ்ஞானம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தியானம் அந்த நேரத்துக்கு நிஜமான ஓய்வு, மருந்துக்குப் பதில் அல்ல என்பதை அது எனக்குப் புரிய வைத்தது.

ஒரு அக்கவுண்டன்ட் ஜெனரலின் தியானம்

அப்படியானால் அந்த இருபது நிமிஷத்தோடு சரியா? இங்கே எனக்குப் பிடித்த ஒரு சர்க்கார் அதிகாரியின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஊ பா கின் பர்மாக்காரர். ரங்கூன் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது அந்நாட்டின் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். ஆபீஸ் ஊழியர்களுக்கே விபஸ்ஸனா தியானம் சொல்லிக் கொடுத்தார். ஒற்றைத் தலைவலியால் வருஷக்கணக்கில் அவதிப்பட்டு, மார்ஃபின் ஊசி வரை போய்விட்ட எஸ்.என். கோயங்கா என்ற இளம் வியாபாரி 1955-ல் அவரிடம் வந்தார். தலைவலிக்காக மட்டும் வருவதானால் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று ஊ பா கின் சொல்லிவிட்டார். மனத்தைச் சுத்தம் செய்வதற்காக வா, தலைவலி போவது அதன் உபபலனாக நடக்கும் என்பது அவர் கருத்து. அப்படியே நடந்ததாகக் கோயங்கா கடைசிவரை சொல்லி வந்தார். 1969-ல் இந்தியாவுக்கு வந்து கற்றுக் கொடுக்கத் தொடங்கினார். 1994-ல் டெல்லி திஹார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே சமயத்தில் பத்து நாள் உட்கார்ந்தார்கள்.

இதே பௌத்த வழிகளிலிருந்தும் ஹடயோகத்திலிருந்தும் எடுத்துத்தான், மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபட்-ஜின் 1979-ல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். மருந்தால் தீராத வலியோடு இருந்த நோயாளிகளை டாக்டர்கள் அவரிடம் அனுப்பினார்கள். வலி போய்விடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. வலியோடு சண்டை போடுவதை நிறுத்தக் கற்றுக் கொடுத்தார். இன்று உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகளில் நடக்கிற பயிற்சிகளுக்கு அதுவே முன்மாதிரி.

இதுவரை வந்த தீர்ப்பு

2014-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 47 பரிசோதனைகளை, மொத்தம் 3,515 பேருடைய விவரங்களை, சேர்த்து ஆராய்ந்தார்கள். கவலை, மனச்சோர்வு, வலி மூன்றும் ஓரளவு குறைகின்றன என்பதற்கு நடுத்தரமான ஆதாரம் இருக்கிறது. மன அழுத்தம் குறைவதற்கு ஆதாரம் அதைவிடக் குறைவு. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட தியானம் மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2017-ல் அமெரிக்க இதய சங்கம், வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகத் தியானத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது. கூடுதலாக என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை டிசம்பர் 21-ஐ உலக தியான தினமாக அறிவித்தது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வந்த நாடுகளில் இந்தியாவும் உண்டு. அந்தப் பெருமையோடு மேலே சொன்ன தீர்ப்பையும் நாம் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

நம் வீட்டிலேயே இருப்பது

பென்ஸன் சொன்ன நான்கு அம்சங்களைப் படித்தபோது எனக்கு என் உபநயனம் ஞாபகம் வந்தது. சுத்தமான இடம், ஆசனம், பிராணாயாமம், காலையில் 108 காயத்ரி. தினம் இரண்டு வேளை என்று அவர் சொன்னதை நமக்கு மூன்று வேளையாகவே சொல்லி வைத்திருக்கிறார்கள். உத்தியோக காலத்தில் அதை நான் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் ஐந்து நிமிஷத்தில் முடித்தவன்தான். ஓய்வைத் தரவேண்டிய காரியத்தையே பதற்றத்தோடு செய்தேன்.

சந்தியாவந்தனம் ரத்த அழுத்தத்துக்காக ஏற்பட்டது என்று நான் சொல்லவில்லை. அது கர்மா, கடமை. அதைக் கடமையாகவே செய்ய வேண்டும். ஊ பா கின் சொன்ன மாதிரி ஓய்வு அதன் உபபலன். உபபலனுக்காக மட்டும் செய்தால் மூன்றாம் நாளே கருவியில் எண் குறையவில்லை என்று விட்டுவிடுவோம். ஸ்திரீகளுக்கு நாம ஜபம், விளக்குக்கு முன் உட்காரும் நேரம் இருக்கிறது. இதில் நம்பிக்கை இல்லாத பிள்ளைகள் மூச்சை எண்ணினாலே போதும் என்பதுதான் பென்ஸன் காட்டியது.

என் அனுபவத்தில் மூன்று விஷயங்கள் சொல்லலாம். சாப்பிட்ட உடனே உட்காராதீர்கள், தூக்கம்தான் வரும். மனம் ஓடுகிறதே என்று கவலைப்படாதீர்கள், திரும்பக் கொண்டு வருவதுதான் பயிற்சி. டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். தீவிர மனச்சோர்வு உள்ளவர்கள் நீண்ட நாள் முகாம்களுக்குப் போகுமுன் கட்டாயம் மருத்துவ ஆலோசனை கேட்க வேண்டும்.

சென்ற மாதம் என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பத்து வருஷத்துக்கு மேலாச்சு. மாத்திரை அதே மாத்திரைதான். எண்ணும் அதே எண்தான்" என்று சொன்னேன். என் மனைவி காபியை வைத்துவிட்டு, "உங்களுக்கு இப்பல்லாம் கோபம் வர்றது கொஞ்சம் லேட்டாறது. அதுக்கு மிஷின் இருக்கோ?" என்றாள்.

அதற்கு மட்டும் நான் ஆதாரம் கேட்கவில்லை. சாட்சி நேரிலேயே நிற்கிறாளே! அங்கத்தினர்கள் எல்லோரும், மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சாப்பிடாதவர்களும், தினம் இருபது நிமிஷம் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் க்ஷேமமாக இருக்க பகவானைப் பிரார்த்திக்கிறேன்.